நார்வே வழியாக வந்த தண்ணீர்

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு வெயில் ஆகாது. மதுரை வரைக்கும்தானே, பேசிக்கிட்டே போயிரலாம். என் பேரு மகாராஜன். நாளைக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில சேரணும், அதுக்குத்தான் போறேன். காலேஜ் இப்பதான் முடிஞ்சுது.

நீங்க தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லுதேன். ஒரு பொண்ணு கவனக்குறைவா இருந்தா என்னென்ன ஆகும்னு என் கதையைக் கேட்டாத் தெரிஞ்சுக்கிடலாம். நல்ல பொண்ணுதான். ஜெபசீலின்னு பேரு. என்கூட புராஜெக்ட் பண்ணுனவ. அவ மேல எனக்கு வேற எந்தக் குறையும் கிடையாது. கவனக்குறைவு ஒண்ணுதான்.

எங்க ஊர்ல நகராட்சித் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வரும். சமயத்துல பத்து நாளும் ஆகும். என்னைக்கு, எத்தனை மணிக்குத் திறந்து விடுவாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எங்க லைன்ல முதல்ல இருக்கது எங்க காலனி. கடைசியில இருக்கது ஆறாந்தெரு. ஜெபசீலி வீடு அங்கதான். அவங்க அம்மா மரியபுஷ்பம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவங்க. தண்ணி வரும்னு ஒரு பேச்சு கிளம்பிட்டாப் போதும், வேலைக்குப் போகாம குழாயடியிலேயே உக்காந்துக்கிடுவாங்க. அப்படி உக்காந்தும் நூல் மாதிரிதான் வரும். பல நாள் காத்து மட்டும் வரும். மேடான தெரு, அதனாலன்னு சொல்லுவாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

எங்க காலனில அந்தப் பிரச்சனை கிடையாது. எல்லா வீட்டுலயும் சின்னதா ஒரு மோட்டார் உண்டு. சும்மா ஒரு உதவிக்கு. குழாயிலேயே மாட்டிப் பள்ளத்துக்குள்ள இறக்கியிருக்கும். சுவிட்சைப் போட்டா கீழ் தொட்டி நிறையும், மேல் தொட்டி நிறையும், அப்புறம் அம்மா காரைக் கழுவச் சொல்லுவாங்க. முன்னெல்லாம் தண்ணி திறந்து விடுத பிட்டர் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருவாரு. அப்பா காலனிக்குச் சொல்லிருவாங்க. அந்த அளவுக்கு அப்பா எல்லாருக்கும் உபகாரி.

புராஜெக்டுக்கு என்ன பண்ணலாம்னு நாங்க யோசிச்சப்போ ஜெபசீலி சொன்னா: "தண்ணி எப்ப வரும்னு தெருவாரியாக் காட்டுத ஒரு சைட்டு போடுவோம் மகா. எங்க அம்மா வேலைக்காவது ஒழுங்காப் போவாங்க."

எனக்கு அது ரொம்பச் சின்ன விஷயமாப் பட்டுச்சு. இருந்தாலும் பொண்ணு ஆசைப்படுதாளேன்னு சரின்னுட்டேன். சைட்டை எழுதுனது அவ. மேற்பார்வை நான்.

எழுதி முடிச்சாச்சு. இனி அதை இன்டர்நெட்டுல ஏத்தணும். அதுக்கு கிளவுடுன்னு ஒண்ணு இருக்கு. மேகம் இல்ல அண்ணாச்சி. ஒரு கம்பெனிக்காரன் உலகம் பூரா கட்டடம் கட்டி, கட்டடம் கட்டடமாக் கம்ப்யூட்டரை அடுக்கி வச்சிருப்பான். நம்ம சைட்டை அதுல ஒரு கட்டடத்துல குடிவைக்கணும். மாணவர்னா இலவசம், காலேஜ் மெயில் ஐடி இருந்தாப் போதும். ஆனா இலவசமாத் தாரவன் நம்ம இஷ்டத்துக்கு விடுவானா? எந்த ஊர்க் கட்டடத்துல இடம் தரணும்னு அவனே ஒரு கட்டுப்பாடு வச்சிருப்பான். அதைத்தான் ரீஜன்ங்குதது.

நான் சென்னையைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்துல இருக்குல்ல. சிவப்பு எழுத்துல வந்துச்சு, உங்க கணக்குக்கு இங்க அனுமதி இல்லைன்னு. சரி, மும்பை. சிவப்பு. புனே. சிவப்பு. சிங்கப்பூர். அங்கயும் சிவப்பு. எங்க அத்தை பையன் சிங்கப்பூர்லதான் இருக்கான், அதுக்காகவாவது விட்டிருக்கலாம். நான் விடல. உலகத்துல எத்தனை கட்டடம் உண்டோ அத்தனைக்கும் வரிசையாப் போயிப் பாத்துருதேன்னு இறங்குனேன். ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்காவுல கிழக்கு, மேற்கு, நடு. அந்தப் பங்குனி பூரா எனக்கு அதே வேலைதான்.

நடுவுல ஒரு பையன் விபிஎன் போடச் சொன்னான். அதைப் போட்டா நாம ஜெர்மனியில இருந்து பேசுத மாதிரி தெரியுமாம். போட்டேன். அந்தக் கம்பெனிக்காரன் என் கணக்கையே பூட்டிட்டான். காலையில இந்தியாவுல இருக்க, பத்து நிமிஷத்துல ஜெர்மனியில இருக்க, நீ மாணவன்தானாங்குத மாதிரி கேட்டு மெயில் போட்டிருந்தான். ஐடி கார்டு போட்டோ அனுப்பி, நான் எங்கயும் போகல, வீட்டுலதான் இருக்கேன், பக்கத்துல எங்க அம்மா இருக்காங்கன்னு எழுதினப்புறம்தான் திறந்து விட்டான்.

அப்பதான் ஜெபசீலி வந்து கேட்டா, "அந்தச் சிவப்பு எழுத்தை முழுசாப் படிச்சியா?"

"சிவப்புல இருந்தா தப்புன்னு அர்த்தம். அதுக்கு மேல படிக்க என்ன இருக்கு?"

அவ உக்காந்து படிச்சா. அதுலயே கடைசி வரியில என்ன விதின்னு போட்டிருந்துச்சாம். அந்த விதியைத் தேடிப் போனா, என் கணக்குக்கு எந்தெந்த ஊருன்னு அதுல இருந்துச்சு. அஞ்சே ஊரு. ஒவ்வொருத்தர் கணக்குக்கும் ஒவ்வொரு அஞ்சு. என் அஞ்சுல நார்வேயில மட்டும்தான் எங்க சைட்டுக்குத் தோதா இடம் காலியா இருந்துச்சு. ஆனா தண்ணி நேரத்தை எல்லாம் சேத்து வைக்குத டேட்டாபேசுக்கு நார்வேயில இடம் இல்லைன்னுட்டான். அவ கணக்குல தேடுனா, துபாயில டேட்டாபேசுக்கு இடம் இருக்கு, சைட்டுக்கு இல்ல.

அவ கொஞ்ச நேரம் நகத்தைக் கடிச்சுக்கிட்டே யோசிச்சா. அப்புறம் சொன்னா: "சைட்டு உன் நார்வேயில இருக்கட்டும். டேட்டாபேஸ் என் துபாயில இருக்கட்டும். ரெண்டையும் கோத்து விட்டுருவோம். ரெண்டும் நமக்குக் குடுத்த இடந்தானே, எவன் என்ன கேப்பான்?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு அண்ணாச்சி. என் நார்வே, அவ துபாய். ரெண்டும் சேந்தாத்தான் சைட்டு. ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு இல்ல. இதை ஒரு பொண்ணு வேற எப்படிச் சொல்லுவா, நீங்களே சொல்லுங்க. வேதக்காரங்கதான் அவங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அது பெரிய விஷயம் இல்ல, பின்னாடி பேசிக்கிடலாம்.

சைட்டு ஏறிருச்சு. அப்பாவுக்குப் பெருமைன்னா பெருமை. காலனி வாட்ஸப் குரூப்புல, "என் மகன் நார்வேயில் தொடங்கியுள்ள இணையதளம்"னு போட்டுட்டாங்க. பிட்டரும் நல்ல மனுஷன், காலையில ஜெபசீலிக்கு மட்டும் சொல்லிருவாரு. மத்தவங்க போன் போட்டா, "எல்லாம் சைட்டுல இருக்குங்க"ன்னு வச்சிருவாரு. அப்பா போட்டாக்கூட அதேதான்.

முதல் தண்ணி நாள் அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்குத் திறக்கப் போறாங்க. ஜெபசீலி பதினொண்ணுன்னு போட்டிருக்கா. சைட்டுல பாத்தா சாயங்காலம் நாலரைன்னு காட்டுது. ஏன்னு கேளுங்க. அந்தக் கட்டடத்துக் கம்ப்யூட்டரெல்லாம் உலகத்துக்குப் பொதுவா ஒரு கடிகாரம் வச்சிருக்கும். அது நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நாம பதினொண்ணுன்னா, அது தன்னோட பதினொண்ணுன்னு எடுத்துக்கிட்டு, நம்ம ஊருக்கு மாத்திக் கொடுக்குதேன்னு நாலரை ஆக்கிரும். சென்னையில இடம் கொடுத்திருந்தாலும் அதே கடிகாரம்தான்னு ஜெபசீலி சொல்லுதா. நான் நம்பல. ஊரு மாறுனதுனால வந்த வினைதான் அது.

அவ கெட்டிக்காரி, பத்து மணிக்குள்ள கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டா. ஒண்ணாந்தெரு, ரெண்டாந்தெரு, ஆறாந்தெரு வரைக்கும் எல்லாத்துக்கும் பதினொண்ணு ஆயிருச்சு. ஆனா பாருங்க, எங்க காலனியை மட்டும் மறந்துட்டா. அங்க நாலரைன்னே நிக்குது. இதைத்தான் நான் கவனக்குறைவுங்கேன்.

எங்க வீட்டுல குழாய் கண்ணுல படாது, பள்ளத்துக்குள்ள இருக்குல்ல. சுவிட்சைப் போட்டாத்தான் தண்ணி வந்ததே தெரியும். அப்பா நாலரைக்குப் போட்டாங்க. காலனியே நாலரைக்குப் போட்டுச்சு. தண்ணி எப்பவோ நின்னு போச்சு. வெறுங்குழாயில மோட்டார் ஓடி ஓடி, அப்பா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நார்வேயைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும்போதே காயில் கருகி வாசனை வந்துருச்சு.

நான் ஜெபசீலிக்குப் போன் போட்டேன். "எங்க காலனி நேரம் மட்டும் தப்பா இருக்கே."

"அப்படியா?"ன்னா. "அது ரீஜன் பிரச்சனை மகா. என் துபாய்ல எல்லாம் சரியா இருக்கு. உன் நார்வே பக்கம்தான் ஏதோ இருக்கணும். நீயே பாரு, உன்னாலதான் முடியும்."

உன்னாலதான் முடியும்னு ஒரு பொண்ணு சொன்னப்புறம் சும்மா இருக்க முடியுமா? நார்வேயைக் குடைஞ்சேன். அந்த ஊர்ல வெயில் காலத்துக்குக் கடிகாரத்தை மாத்தி வைப்பாங்களாமே, அதைப் படிச்சேன். சைட்டைத் தூக்கி என்னோட அஞ்சு ஊர்ல இன்னொண்ணுக்கு மாத்தலாம்னு கொரியாவுக்குப் போயிப் பாத்தேன், அங்க இடம் இல்லைன்னுட்டான். திரும்ப நார்வே. அடுத்த தண்ணி நாளும் வந்துருச்சு. மறுபடியும் மத்த தெருவுக்கெல்லாம் சரியான நேரம், காலனிக்கு அஞ்சரை மணி நேரம் தள்ளி. நான் சரி பண்ணிருப்பேன்னு நம்பி, காலனியே அந்த நேரத்துக்குச் சுவிட்சைப் போட்டுச்சு. புதுக் காயில் கட்டுன மோட்டார் மறுபடியும் கருகிருச்சு. அப்பா என்கூடப் பேசுததை நிறுத்திட்டாங்க. அம்மா லாரித் தண்ணிக்குச் சொல்லி விட்டாங்க.

மூணாவது தண்ணி நாள் அன்னைக்கு, நேர்லயே போயி அவ துபாயைப் பாத்துருவோம்னு ஆறாந்தெருவுக்குப் போனேன். அதுக்கு முன்னாடி நான் அந்தத் தெருவுக்குள்ள போனதில்ல. அந்தப் பக்கம் நமக்கு ஒரு வேலையும் கிடையாதுல்ல.

தெருவே குழாயடியில நிக்குது. தண்ணி வருது அண்ணாச்சி. நூல் மாதிரி இல்ல, குழாயை முட்டிக்கிட்டு வருது. குடத்தை வச்சா வாயைத் தாண்டித் தெறிக்குது. மேடுன்னு சொன்னாங்களே, நான் நின்னு பாத்தேன், மேடு மாதிரியே தெரியல. பொம்பளைங்க ஒருத்தரும் சண்டை போடல. ஒரு அம்மா குடத்தை நிறைச்சுட்டு, குழாயை மூடாம தண்ணியில கையை வச்சுக்கிட்டு அப்படியே நிக்காங்க. பின்னாடி நிக்கவங்க அவசரப்படுத்தல. அவங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்காங்க.

ஜெபசீலி என்னைப் பாத்ததும் சொன்னா, "அம்மா, இவன்தான் நார்வே."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மரியபுஷ்பத்தம்மா ஒரு செம்புல தண்ணி மோந்து கொடுத்தாங்க. "குடிங்க தம்பி. உங்களாலதான் எங்க தெருவுக்குத் தண்ணி வருது"ன்னாங்க.

"சைட்டுதானேம்மா, பெரிய விஷயம் இல்ல"ன்னேன்.

"உங்க வீட்டுல தண்ணி வந்துச்சா?"

"இல்லம்மா. மோட்டார் கருகிப் போச்சு. காலனில யாரு வீட்டுலயும் மோட்டார் ஓடல."

ஒரு அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. எங்க வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டுச் சங்கடப்படுதாங்கன்னு எனக்கே மனசு இளகிருச்சு. நல்ல ஜனங்க. செம்புத் தண்ணியைக் குடிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த அம்மா கையைத் தண்ணியில வச்சுக்கிட்டு நின்னதே கண்ணுக்குள்ள நின்னுச்சு. ஏன்னு தெரியல. வெயில்ல போனதுனால இருக்கும்.

அப்புறம் காலேஜ்ல புராஜெக்ட் கண்காட்சி. நகராட்சியில இருந்து உதவிப் பொறியாளர் ஒருத்தரைச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டிருந்தாங்க. எங்க மேசைக்கு வந்தாரு. ஜெபசீலி விளக்கிச் சொன்னா, மூணு தடவையா ஆறாந்தெரு வரைக்கும் தண்ணி நல்லா ஏறுதுன்னு.

அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "நேரத்தைத்தானேம்மா உங்க சைட்டு காட்டுது. நேரத்தைக் காட்டுனா தண்ணி எப்படி ஏறும்? நாங்க குழாயையே மாத்திப் பாத்தும் ஏறலையே"ன்னாரு.

ஜெபசீலி திரும்பி என்னைப் பாத்தா. பதில் தெரியாம முழிக்கான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். இந்த மாதிரி நேரத்துல கூட இருக்கவந்தான் கைகொடுக்கணும்.

"நான் சொல்லுதேன் சார்"னு முன்னாடி வந்தேன். மாணவர் கணக்கு, அஞ்சு ஊரு, நார்வே, துபாய், கடிகாரம், ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். "அதனால எங்க காலனிக்கு மட்டும் நேரம் தப்பாக் காட்டிருச்சு சார். காலையில ஒரு வீட்டுலயும் மோட்டார் ஓடல. இது ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு. இதுக்கும் தண்ணி ஏறுனதுக்கும் சம்பந்தம் இல்ல சார்."

"எந்த மோட்டார் தம்பி?"

"வீட்டு மோட்டார் சார். குழாயிலேயே மாட்டியிருக்கும்."

"எத்தனை வீட்டுல?"

"காலனி பூரா உண்டு சார். எங்க அப்பாதான் முதல்ல போட்டாங்க."

அவரு என் தோளைத் தட்டிக் கொடுத்தாரு. "உன்ன மாதிரி ஒரு பையனை நான் பாத்ததே இல்ல"ன்னாரு. பெரிய பதவியில இருக்கவரு வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை. ஜெபசீலி மேசைக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு உக்காந்துட்டா. தோளு குலுங்குது. அழுதுட்டான்னு நினைக்கேன். நான் காப்பாத்தி விட்டதுல அவளுக்கு மனசு தாங்கல. எங்களுக்குத்தான் முதல் பரிசு.

அந்த வாரமே நகராட்சி வண்டி எங்க காலனிக்கு வந்துச்சு. வீடு வீடாப் பள்ளத்தைத் திறந்து மோட்டாரைக் கழட்டி ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நேரா எங்க வீட்டுக்குத்தான் முதல்ல வந்தாங்க. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான் அண்ணாச்சி. பொறாமை. அப்பா இன்னும் யாருன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் பொறியாளர்கிட்ட பேசினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, நான் டெக்னிக்கலாத்தானே சொன்னேன். அவருதான் எனக்குத் தோளு தட்டிக் கொடுத்த மனுஷன், அவரு ஆளை அனுப்புவாரா?

இன்னொரு அதிசயம் கேளுங்க. மோட்டாரைக் கழட்டிட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே எங்க காலனி நேரம் சைட்டுல சரியாயிருச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் நார்வேயில ஒரு செட்டிங்கைத் தட்டி வச்சிருந்தேன். அதுதான் மெதுவா வேலை செஞ்சிருக்கு. ஜெபசீலிகிட்ட சொன்னேன். "நீ சரி பண்ணிருவன்னு எனக்குத் தெரியும் மகா"ன்னா.

காலேஜ் முடிஞ்சதும் மாணவர் கணக்கு செத்துப் போயிரும். நார்வேயும் போச்சு, துபாயும் போச்சு. அதுக்கு முன்னாடியே அவ நகராட்சியில பேசி, சைட்டை அவங்க கணக்குக்கு மாத்திட்டா. அவங்களுக்கு ரீஜன் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. இப்ப சென்னையிலேயே ஓடுது. நான் ஒருக்கா நார்வேக்குள்ள போயி, எல்லாத்தையும் அழிக்குத பட்டனைத் தட்டிட்டு வந்தேன். வாடகை வீட்டைக் காலி பண்ணி, சாவியைக் கொடுத்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

நேத்து தண்ணி நாள். எங்க அம்மா முதல் தடவையாக் குடத்தைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னாங்க. காரு கழுவல. சாயங்காலம் ஜெபசீலிகிட்ட இருந்து மெசேஜ். ஊரை விட்டுப் போறேன்ல, ஏதாவது சொல்லுவான்னு எனக்குத் தெரியும். என்ன கேட்டிருந்தா தெரியுமா? "உங்க வீட்டுல எத்தனை குடம் பிடிச்சீங்க?"

பாருங்க, எங்க வீட்டுத் தண்ணியைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தராவது இப்படி அக்கறையாக் கேட்டிருக்காங்களா?

அம்மாகிட்ட கேட்டுட்டு, பன்னெண்டுன்னு போட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. "எங்களுக்கும் பன்னெண்டுதான்."

அவ்வளவுதான் எழுதியிருந்தா. எங்க வீட்டுலயும் பன்னெண்டு, அவங்க வீட்டுலயும் பன்னெண்டு. ஒரு குடம் கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல. ஜாதகம் பாத்தாக்கூட இந்த மாதிரிப் பொருத்தம் அமையாது அண்ணாச்சி. முதல் சம்பளம் வாங்கினதும் அப்பாகிட்ட பேசிரலாம்னு இருக்கேன்.